ஆடாமல் நிற்க யாராலும் முடியாது



பெரியக்கா குளியலறை வாசலில் விழுந்த செய்தி கேட்டு நிறைய பேர் போன் செய்தீர்கள். எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை, நலமாக இருக்கிறார். விசாரித்தவர்களில் பெரும்பாலோர் சொன்ன யோசனை ஒன்றுதான்: "இனிமே அவங்களை நடமாட விடாதீங்க, உட்கார்ந்த இடத்துலயே எல்லாத்தையும் கொடுத்துடுங்க." பிரியத்தில் சொன்னதுதான். எனக்கு அதில் சம்மதமில்லை. ஏன் என்று சொல்வதற்கு முன், 'நிற்பது' என்ற காரியத்தை மனிதன் எப்படிப் புரிந்துகொண்டான் என்ற கதையைச் சொல்கிறேன். வரலாறு எடுத்த வாத்தியார், வேறு எப்படிச் சொல்வேன்? கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1840களில் பெர்லினில் மோரிட்ஸ் ரோம்பெர்க் என்ற மருத்துவர் நரம்பு நோய்களுக்கென்றே ஒரு பெரிய பாடநூல் எழுதினார். முதுகுத்தண்டு பாதித்த சில நோயாளிகள் பகலில் ஒருவாறு சமாளித்து நிற்பார்கள். கண்ணை மூடச் சொன்னால் உடனே தள்ளாடி விழப்போவார்கள். காலையில் முகம் கழுவக் கண்ணை மூடும்போது இவர்களுக்கு இதே தடுமாற்றம் வரும். பாதத்திலிருந்தும் மூட்டிலிருந்தும் மூளைக்குப் போகும் சேதி தண்டுவடத்தில் அறுந்துவிட்டதால், அதுவரை கண்தான் அந்த வேலையையும் சேர்த்துப் பார்த்திருக்கிறது. 'ரோம்பெர்க் சோதனை' இன்றும் இருக்கிறது. சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்களை டாக்டர் கண்ணை மூடி நிற்கச் சொல்வது இதற்காகத்தான்.

அடுத்து, நோயில்லாதவன் எப்படி நிற்கிறான் என்று பார்த்தார்கள். ஜெர்மனியில் கார்ல் ஃபியரோர்ட் என்பவர் ஆளின் தலைமேல் தூரிகை போன்ற ஒன்றைப் பொருத்தி, அதற்கு மேல் புகையேற்றிய காகிதத்தை வைத்தார். ஆள் அசையாமல் நிற்பதாக நினைத்துக்கொண்டிருக்க, காகிதத்தில் கோடு கிறுக்கலாக விழுந்தது. 1886இல் பிலடெல்பியாவில் வெய்ர் மிட்செலும் அவர் கூட்டாளியும் அந்த ஆட்டத்தை அளந்தபோது, திடகாத்திரமான ஆளே முன்னும் பின்னும் ஏறக்குறைய ஓர் அங்குலம் ஆடினான். பிரேயரில் பி.டி. சார் "ஆடாம நில்லுடா" என்று அதட்டுவாரே, அது எந்த மனிதனாலும் செய்ய முடியாத காரியம்! கெண்டைக்கால் தசை கணந்தோறும் இழுத்துப் பிடித்துக்கொண்டே இருப்பதால்தான் நிற்கிறோம்.

அந்தத் தசை களைத்துப்போனால்? இங்கே இத்தாலிக்காரர் ஏஞ்சலோ மோசோவைச் சொல்ல வேண்டும். டூரின் நகரில் இருந்தவர். விரலால் எடையைத் திரும்பத் திரும்ப இழுக்கவைத்து, களைப்பைக் கோடாக வரையும் 'எர்கோகிராஃப்' என்ற கருவியைச் செய்தார். 1891இல் 'களைப்பு' என்ற பெயரிலேயே ஒரு புத்தகம் எழுதினார். அவர் சோதித்தவர்களில் மாணவர்களுக்கு வாய்மொழித் தேர்வு நடத்திவிட்டு வந்த ஆசிரியரும் உண்டு. தேர்வு முடிந்து வந்தவரின் விரல் முன்புபோல் இழுக்கவில்லை. வைவா நடத்தியவர்களுக்கு இது புதுச் செய்தி இல்லை.

மோசோ அளந்தது விரலை. பின்னால் வந்தவர்கள் காலுக்கு வந்தார்கள். இனி முடியாது என்கிறவரை குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கச் சொல்லி, உடனே நிற்கவைத்துப் பார்த்தால் ஆட்டம் கூடுகிறது. கண்ணை மூடினால் இன்னும் கூடுகிறது. சில நிமிடம் ஓய்ந்தால் தணிகிறது. பலம் குறைவது மட்டும் காரணமில்லை. தசை இழுக்கும் கயிறு மட்டுமல்ல, உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று சேதி சொல்லும் புலனும் அதுவே. இங்கிலாந்தின் சார்லஸ் ஷெரிங்டன் 1906இல் இந்த உள்ளுணர்வுக்குத் தனிப் பெயரே வைத்தார். 1972இல் சுவீடனில் எக்லுண்ட் என்பவர் குதிகால் தசைநாணின்மேல் அதிர்வுக் கருவியை வைத்தார். நின்றவர் பின்பக்கமாகச் சாய்ந்தார். தசை பொய்ச் சேதி அனுப்ப, மூளை அதை நம்பியிருக்கிறது. களைத்த தசையின் சேதியும் துல்லியமாக இருப்பதில்லை.

இதுவரை படித்தவர்கள், "அதுதானே நாங்களும் சொன்னோம், களைக்காம உட்கார்ந்திருக்கட்டும்" என்பீர்கள். கதையின் முக்கியமான கட்டமே இனிமேல்தான்.

1990இல் பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் மரியா ஃபியாட்டரோன் குழுவினர் 10 பேரைச் சேர்த்தார்கள். எல்லோரும் 90 வயதை ஒட்டிய தளர்ந்த முதியவர்கள். எட்டு வாரம் காலால் எடை தூக்கும் பயிற்சி. லேசான எடை அல்ல, அவரவர் சக்திக்குக் கனமானதே. முடித்த 9 பேரின் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. ஒரு பாதத்தின் முன் மறுபாதத்தை ஒட்டிவைத்து நடக்கும் வேகம் 48 சதவீதம் கூடியது. தொண்ணூறு வயதுத் தசை வளராது என்று யாரும் இனிச் சொல்ல முடியாது.

அப்படியானால் விழுவது குறையுமா? நியூசிலாந்தின் டனீடின் நகரில் ஜான் கேம்பெல் குழு இதைச் சோதித்து 1997இல் வெளியிட்டது. 80 வயதுக்கு மேற்பட்ட 233 பெண்கள். பாதிப் பேருக்கு பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வந்து பயிற்சி சொல்லிக்கொடுத்தார்: கணுக்காலில் எடை கட்டிக் காலை நீட்டுவது, குதிகால் தூக்குவது, எதையாவது பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நிற்பது, பழகப் பழகப் பிடியை விடுவது. ஓராண்டில் பயிற்சி இல்லாத பாதியில் 152 முறை விழுந்தார்கள். பயிற்சி செய்த பாதியில் 88 முறை.

பிறகு சிட்னியில் கேத்தரின் ஷெரிங்டன் (பழைய ஷெரிங்டனோடு பெயர்ப் பொருத்தம்!) உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார். சமநிலைக்குச் சவால் தரும் பயிற்சிதான் விழுவதை நன்றாகக் குறைத்தது. தெருவில் வாக்கிங் போவது மட்டும் போதவில்லை. வாட்ஸ்அப் குழுவில் தினமும் எத்தனை அடி நடந்தோம் என்று கணக்குப் போடும் நண்பர்கள் இதைக் கவனிக்கவும்.

பெரியவர்கள் இருக்கும் வீடுகளுக்கு ஒரு வார்த்தை. பயிற்சியைக் களைப்பில்லாத நேரத்தில், சுவரோ மேடையோ எட்டும் தூரத்தில் வையுங்கள். கனமாகச் சாய வேண்டியதில்லை, விரல்நுனி லேசாகத் தொட்டாலே ஆட்டம் குறைகிறது என்று அளந்திருக்கிறார்கள். முடித்ததும் மாடிப்படி ஏறவிடாமல் கொஞ்சம் உட்காரவையுங்கள். தலைசுற்றல், பிரஷர் மாத்திரை, கண் புரை இருந்தால் முதலில் டாக்டர். டனீடின் பயிற்சிக்கு 'ஒடாகோ' என்று பெயர். உங்கள் ஊர் பிசியோதெரபிஸ்டிடம் அந்தப் பெயரைச் சொல்லியே கேட்டுப் பாருங்கள்.