ஆரணி நெசவாளர் இல்லங்களில் சௌராட்டிர மொழி: வரலாறும் கையளிப்பும்

முன்னுரை

திருவண்ணாமலை மாவட்டத்தில் அமைந்துள்ள ஆரணி, பட்டு நெசவால் பெயர்பெற்ற ஊராகும். இங்குள்ள நெசவாளர் அனைவரும் ஒரே தாய்மொழியினர் அல்லர். தமிழ் பேசுவோருடன் சௌராட்டிர மொழி பேசுவோரும் வாழ்கின்றனர். இந்தோ ஆரிய மொழியொன்று திராவிட மொழிச் சூழலில் தலைமுறைதோறும் குழந்தைகளுக்குக் கையளிக்கப்பட்ட முறையையும், அதனை அளப்பதிலுள்ள இடர்ப்பாட்டையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

இடப்பெயர்வும் சொல்லடுக்குகளும்

லாட நாட்டிலிருந்து தசபுரத்துக்குக் குடிபெயர்ந்த பட்டு நெசவாளர் குழுவைக் கி.பி. 473ஆம் ஆண்டைச் சார்ந்த மந்தசோர் கல்வெட்டு குறிப்பிடுகிறது. சௌராட்டிரர் தம் முன்னோரை இக்குழுவோடு இணைத்துக் காண்பர். ஆயினும் தென்னாட்டுக்கு வந்த வழியை அறிய, மொழியே நெருக்கமான சான்றாகிறது. அதன் அடிப்படைச் சொற்கள் குஜராத்தி, மராத்தி ஆகியவற்றோடு உறவுடையன. அவற்றின்மேல் தெலுங்கு, கன்னட, தமிழ்ச் சொற்கள் படிந்துள்ளன. இக்கடன்சொற்களைச் சிதைவின் அடையாளமாகக் கொள்வது பொருந்தாது. பெரியோர் ஊர்மொழியை வெளியிலும் தாய்மொழியை வீட்டிலும் வழங்கிய நெடுங்கால இருமொழியத்தையே அவை காட்டுகின்றன. கிரியர்சன் 1908இல் வெளியிட்ட மொழி அளவாய்வுத் தொகுதி, இதனைப் 'பட்டுநூலி' என்னும் பெயரில் குஜராத்தியின் கிளையாக வைத்தது. நோரிஹிகோ உச்சிடா 1990இல் சௌராட்டிர–ஆங்கில அகராதியை வெளியிட்டார்.

இல்லமும் தறியும்

தொ.மு. இராமராய் சௌராட்டிர எழுத்தைச் சீர்திருத்தி நூல்களை அச்சிட்டார். 2008இல் அவ்வெழுத்து ஒருங்குறியில் இடம்பெற்றது. எனினும் பள்ளியில் தமிழ் எழுதக் கற்ற குழந்தைகளுக்குத் தாய்மொழி பெரிதும் செவிவழியே வந்தது. குழித்தறி வீட்டினுள்ளேயே இருந்தமையால் நூல் சுற்றுதல், பாவு பிணைத்தல் ஆகிய பணிகளில் குடும்பத்தினர் பலர் பங்குகொண்டனர். தொழிற்களமும் இல்லமும் ஒன்றாயிருந்த இச்சூழலில் குழந்தை நாள்முழுதும் பெரியோர் உரையாடலைக் கேட்டு வளர்ந்தது. மொழியின் நிலைபேற்றுக்கு இல்லம், குடும்பம், அண்டையயல் ஆகியவற்றின் வழி நிகழும் கையளிப்பே அடித்தளம் என ஜோஷுவா ஃபிஷ்மன் 1991இல் வலியுறுத்தியது இங்குப் பொருந்துகிறது. இதன்படி, இளையோர் நெசவை விட்டு வேறு பணிகளுக்குச் செல்லுந்தோறும் தொழிலோடு மொழி கேட்கும் களமும் சுருங்குகிறது எனலாம்.

கணக்கெடுப்பின் எல்லை

மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் சௌராட்டிர மொழியினர் 2001இல் 1,85,420 பேர். 2011இல் 2,47,702 பேர். இவ்வுயர்வு மொழி வலுப்பெற்றதைக் காட்டுவதாகத் தோன்றலாம். ஆனால் ஒருவருடைய குழந்தைப் பருவத்தில் அவர் தாய் அவரிடம் பேசிய மொழியே கணக்கெடுப்பில் தாய்மொழியாகப் பதியப்படுகிறது. பேசத் தொடங்காத கைக்குழந்தைக்கும் தாய் வழக்கமாகப் பேசும் மொழியே எழுதப்படும். எனவே இவ்வெண்கள் முந்தைய தலைமுறையின் வழக்கைக் கூறுவனவேயன்றி, இன்றைய சிறார் அம்மொழியில் விடையளிக்கின்றனரா என்பதைக் கூறுவன அல்ல.

முடிவுரை

சௌராட்டிர மொழி இதுகாறும் நிலைத்தமைக்குத் தறியிருந்த இல்லம் முதன்மைக் காரணங்களுள் ஒன்றாகும். ஆதலால் ஆரணி போன்ற ஊர்களில் ஆய்வு எண்ணிக்கையோடு நின்றுவிடாது, பாட்டன் பாட்டியர் தொடுக்கும் பேச்சுக்குப் பேரக்குழந்தைகள் எம்மொழியில் மறுமொழி தருகின்றனர் என்பதைப் பதிவுசெய்தல் வேண்டும். தாய்மொழியில் கேட்டு ஊர்மொழியில் விடையிறுக்கும் தலைமுறை தோன்றுமாயின், அடுத்த கையளிப்புக்குப் பேசுவோர் இரார்.