ஒக்டோபர் 30: ஊவாத் தோட்டங்களின் நாட்காட்டியில் ஒரு நாள்

நாட்காட்டியின் ஒவ்வொரு தாளிலும் உலக வரலாற்றின் ஏதோவொரு துணுக்கு ஒட்டியிருக்கக் காணலாம். பிறந்தோர், மறைந்தோர், நிகழ்ந்தவை என மூவகையாகப் பிரித்து நாளிதழ்களும் ஆண்டு மலர்களும் அவற்றைத் தொகுத்துத் தருவது வழக்கம். ஒக்டோபர் 30 ஆம் நாளை எடுத்துக்கொண்டால், ஆரிய சமாசத்தை நிறுவிய தயானந்த சரசுவதி 1883 இலும், செஞ்சிலுவை இயக்கத்துக்கு வித்திட்ட ஹென்றி டுனாண்ட் 1910 இலும் மறைந்த நாள் அது. பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் 1908 இலும், இந்திய அணு ஆராய்ச்சியின் முன்னோடி ஹோமி பாபா 1909 இலும் பிறந்த நாளும் அதுவே. உலகம் அதுவரை கண்டிராத மிகப் பெரிய ஐதரசன் குண்டைச் சோவியத் ஒன்றியம் வெடித்துப் பார்த்தது 1961 இல் இதே நாளிலாகும். இவற்றுக்கிடையே தொடர்பு யாதுமில்லை. வாசித்து வியந்து தாளைக் கிழித்துவிடலாம்.

ஆயினும் இதே நாளை ஊவா மாகாணத்தின் தோட்டப்புறத்தில் நின்று நோக்குவோமாயின் பட்டியல் வேறாகின்றது. 1964 ஒக்டோபர் 30 இல் புதுடில்லியில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 1999 ஒக்டோபர் 30 இல் இலங்கைத் தொழிலாளர் காங்கிரசின் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் காலமானார். 2014 ஒக்டோபர் 30 இல், முதல்நாட் காலை மண்சரிவில் புதையுண்ட கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்து லயன்களில் இருந்தோரைத் தேடும் பணி நடந்துகொண்டிருந்தது. ஒப்பந்தம் கைச்சாத்தாகிச் சரியாக ஐம்பது ஆண்டுகள் நிறைவுற்ற நாள் அது. இம்மூன்றையும் ஒருசேர வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரே திகதியில் நிகழ்ந்தமையால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடாது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையை வரலாறெனக் கொள்வார் இலர். எனினும், தற்செயலாக அருகருகே வந்து நிற்கும் நிகழ்ச்சிகள், தனித்தனியே நோக்குங்கால் புலப்படாத ஒரு பொதுமையைப் புலப்படுத்துவதுண்டு. இங்கே அப்பொதுமை எண்ணிக்கை பற்றியதாகும். தோட்டத் தொழிலாளர் விடியற்காலையிற் பிரட்டுக்களத்தில் எண்ணப்பட்டவர்கள். செக்ரோலிற் பெயர் விழுந்தாலன்றி அன்றைய கூலி இல்லை. துரைத்தனத்தின் ஏடுகளில் அவர்களைப் போலத் திரும்பத் திரும்ப எண்ணப்பட்ட மக்கள் இந்நாட்டில் வேறெவருமிலர் எனலாம். எண்ணப்பட்ட அளவுக்கு அவர்கள் கலந்து பேசப்பட்டார்களா என்பதே எழும் வினாவாகும்.

ஊவா 1886 இல் தனி மாகாணமாயிற்று. 1869 இலிருந்து கோப்பிச் செய்கையை இலைநோய் அழித்துவர, அதன் இடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்ட காலம் அது. 1890 இல் தோமஸ் லிப்டன் ஹப்புத்தளைப் பகுதியிற் தோட்டங்களை வாங்கினார். 1924 இல் இருப்புப்பாதை பதுளையை எட்டியது. பசறை, லுணுகலை, மடுல்சீமை, நமுனுகுலை, தெமோதரை, ஹாலி-எல, பண்டாரவளை, கொஸ்லந்தை எனத் தேயிலை பரந்த இடமெல்லாம் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளரின் லயன்களும் பரந்தன.

இம்மக்கள் தம் கருத்தைச் சொல்ல அறியாதவர்களாய் இருந்தார்களென்று கொள்வது பிழையாகும். 1940 இல் பதுளையை அடுத்த வேவெஸ்ஸ தோட்டத்து வேலைநிறுத்தத்தின்போது தொழிலாளர் தமக்குள் ஒரு குழுவைத் தெரிந்தெடுத்தனர். அக்குழுவோடு கலந்தே செயற்படத் தோட்டத்துரை உடன்பட நேர்ந்தது. 1947 ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பிற் போட்டியிட்ட எஸ். எம். சுப்பையாவைப் பதுளைத் தொகுதி பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. கேட்டால் விடை சொல்லக்கூடிய மக்கள் என்பதற்கு இவ்விரண்டும் சான்றாகும்.

அடுத்த ஆண்டிலேயே நிலைமை மாறியது. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1949 இன் தேர்தற் சட்டத் திருத்தம் வாக்குரிமையையும் பறித்தது. அவ்வாண்டிலேயே இயற்றப்பட்ட இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் பதிவு மூலம் குடியுரிமை பெற ஒரு வாயிலைத் திறந்ததெனினும், அது மிக ஒடுங்கிய வாயிலாகவே இருந்தது. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் கொடுக்கப்பட்டன. ஏறத்தாழ 1,34,000 பேருக்கே குடியுரிமை கிடைத்தது. பல்லாண்டு வதிவைத் தாள்களால் நிறுவவேண்டியிருந்தது. அத்தாள்களோ பெரும்பாலும் தோட்டக் கந்தோரிலேயே இருந்தன.

இந்தியாவின் நிலைப்பாடு தொடக்கத்தில் வேறாயிருந்தது. இலங்கையில் நிலைத்து வாழ்பவர்கள் இலங்கையின் பொறுப்பே என்பது நேருவின் கருத்து. 1954 இல் அவர் சேர் ஜோன் கொத்தலாவலையோடு செய்துகொண்ட உடன்பாடும் சிக்கலைத் தீர்க்கவில்லை. நேரு 1964 மே 27 இல் மறைந்தார். லால் பகதூர் சாஸ்திரி பிரதமராகி ஐந்து மாதங்கள் நிறைவதற்குள் திருமதி சிறிமாவோ பண்டாரநாயக்க புதுடில்லி சென்றார். பத்தாண்டுகள் நகராத விடயம் ஒக்டோபர் 30, வெள்ளிக்கிழமையன்று முடிவாயிற்று.

முடிவின் சாரம் முற்றிலும் கணக்கேயாகும். நாடற்றவர் 9,75,000 பேர் என மதிப்பிடப்பட்டது. அவர்களுள் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும். 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்கும். எஞ்சிய 1,50,000 பேர் பற்றிப் பின்னர் பேசிக்கொள்ளப்படும். இவை யாவும் பதினைந்தாண்டுகளில் நிறைவேறவேண்டும். எஞ்சியோர் 1974 இல் இந்திரா காந்தி காலத்து உடன்பாட்டின்படி ஆளுக்குப் பாதியாக, 75,000 வீதம், பங்கிடப்பட்டனர். ஆயிரத்துக்குக் கீழ் இலக்கமில்லாத இவ்வெண்களை நோக்குமிடத்து, முதலில் எண்களே தீர்மானிக்கப்பட்டன என்பதும், அவ்வெண்களை நிரப்பும் மனிதர் பின்னரே தேடப்பட்டனர் என்பதும் தெளிவாகும். பேச்சுவார்த்தை மேசையில் இம்மக்களின் பிரதிநிதி எவருக்கும் இடமிருக்கவில்லை.

ஒப்பந்தத்துக்குச் சார்பாகச் சொல்லத்தக்கதும் உண்டு. பதினாறாண்டுகளாக எந்த நாட்டின் பொறுப்புமல்லாதிருந்த மக்களை யாரோ ஒருவர் பொறுப்பேற்க வேண்டும் என்பதை இரு அரசுகளும் முதன்முறையாக எழுத்தில் ஒப்புக்கொண்டன. மூன்று இலட்சம் பேருக்கு இந்நாட்டிற் சட்டப்படியான இடம் கிடைக்க வழி பிறந்தது. இதனை மறுப்பது நேர்மையாகாது. ஆனால், நடைமுறைச் சட்டம் 1967 இல் நிறைவேறி விண்ணப்பங்கள் கோரப்பட்டபோது, ஒதுக்கிய எண்ணுக்கு மிஞ்சியோர் இலங்கைக் குடியுரிமையையே கேட்டனர். மக்களிடம் முதலிலேயே கேட்டிருந்தால் கணக்கு வேறாயிருக்கும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

ஊவாவில் இதன் விளைவு குடும்பங்களுக்குள்ளேயே கோடு கிழித்தது. அண்ணன் இந்தியாவுக்கும் தம்பி இலங்கைக்கும் எழுதிக்கொடுத்த வீடுகள் பல. எழுபதுகளின் உணவுப் பஞ்சமும் 1977 இன் வன்செயலும் தயங்கி நின்றோரையும் கடவுச்சீட்டு எடுக்கத் தூண்டின. பதுளையிலும் பண்டாரவளையிலும் ஹப்புத்தளையிலும் புகைவண்டி ஏறித் தலைமன்னார் சென்று, அங்கிருந்து கப்பலில் இராமேசுவரம் சேர்ந்தனர். ஏறியோரும் நின்றோரும் ஒருசேர அழுத அவ்வண்டிக்கு மலைநாட்டார் இட்ட பெயர் ஒப்பாரிக் கோச்சி என்பதாகும். தேயிலையைக் கீழே கொண்டுசெல்ல அமைத்த பாதை, அத்தேயிலையை வளர்த்தவர்களையும் கொண்டுசென்றது. அவ்வாறு சென்றோருட் சிலர் நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டங்களில் மீண்டும் கொழுந்து பறித்தனர். 1984 இல் போரின் காரணமாகக் கப்பற் போக்குவரத்து நின்றது. ஒப்பந்தமும் முற்றுப்பெறாமலே நின்றது.

இனி, 1999 இற்கு வருவோம். தொண்டமான் 1913 இல் தமிழகத்திற் பிறந்து, சிறுவயதில் இலங்கை வந்து, 1947 இல் நுவரெலியாத் தொகுதியிற் பாராளுமன்றம் புகுந்தவர். 1964 இல் அவர் ஒப்பந்தத்தை வன்மையாக எதிர்த்தார். சம்பந்தப்பட்ட மக்களைக் கேளாது அவர்களைப் பங்கிட்டமையே அவ்வெதிர்ப்பின் மையமாகும். 1978 இல் அமைச்சரவையிற் சேர்ந்த அவர், தாம் இறக்கும்வரை ஆட்சிகள் மாறியும் அமைச்சராகவே இருந்தார். 1986 சனவரியில் தோட்டங்களில் நடைபெற்ற பிரார்த்தனைப் போராட்டம் அரசை அசைத்தது. அவ்வாண்டின் 5 ஆம் இலக்கச் சட்டமும் 1988 ஆம் ஆண்டுச் சட்டமும் குடியுரிமைச் சிக்கலைப் பெருமளவு தீர்த்தன. அமைச்சரவையில் இருந்துகொண்டே தொழிற்சங்கம் நடத்தியமை பற்றியும், 1983 யூலையிற் பதுளை எரிந்தபின்னும் அவர் பதவியில் நீடித்தமை பற்றியும் கண்டனங்கள் உண்டு. அவற்றை ஆராய இது இடமன்று. தாம் எதிர்த்த ஒப்பந்தத்தின் முப்பத்தைந்தாம் ஆண்டு நிறைவு நாளில் அவர் கண்மூடினார் என்பது தற்செயலே. ஆனால், அன்றும் நாடற்றோர் சிலர் எஞ்சியிருந்தனர். 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டமே எஞ்சியோருக்கும் வழி செய்தது.

குடியுரிமை கிடைத்தது, வாக்கும் கிடைத்தது. அத்துடன் கணக்கு முடிந்ததாவென்றால், இல்லை என்றே மீரியபெத்தை விடை கூறுகின்றது. 2014 ஒக்டோபர் 29, புதன்கிழமை. தீபாவளி கழிந்து சரியாக ஒரு வாரம். காலை ஏழே முக்கால் மணியளவில் மலை இறங்கி லயன்களை மூடியது. வேலைக்கும் பாடசாலைக்கும் போயிருந்தோர் தப்பினர். மறுநாள், 30 ஆம் திகதி, மண்ணின்கீழ் எத்தனை பேர் என்னும் வினாவுக்கு ஒருவராலும் உறுதியாக விடையிறுக்க முடியவில்லை. முதலில் நூற்றுக்கணக்கானோர் என்றனர்; பின்னர் எண் குறைந்தது; அதன்பின்னரும் வேறுபட்டது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் ஒன்பதே முக்கால் இலட்சம் பேரை ஒரே தாளில் எண்ணிப் பங்கிட முடிந்தது. அதே மக்களின் ஒரு தோட்டத்து லயன்களில் அன்று காலை யார் யார் இருந்தனர் என்று சொல்ல முடியவில்லை.

அம்மலை ஆபத்தானதென்று 2005 இலும் 2011 இலும் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை கேட்டும் மக்கள் ஏன் அகலவில்லை என்று வினவியோர் உண்டு. அகன்று எங்கே செல்வது என்பதே அவ்வினாவுக்குரிய விடையாகும். லயன் அறை தோட்டத்துக்குரியது. அது நிற்கும் நிலமும் அவ்வாறே. 1975 இற் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் நிருவாகம் மீண்டும் கம்பனிகளிடம் சென்றது. இரு கைமாற்றத்திலும், லயனில் வாழ்ந்தோர் தாம் வாழ்ந்த நிலத்துக்கு உரியவராகவில்லை. ஒப்பந்தமும் அதன்பின் வந்த சட்டங்களும் அவர்களுக்கு ஒரு நாட்டைக் கொடுத்தன. அந்நாட்டில் நிற்பதற்கு ஒரு துண்டு நிலத்தைக் கொடுக்கவில்லை. உயிர்தப்பியோர் கொஸ்லந்தையிலும் பூனாகலையிலும் பாடசாலைகளிற் தங்கவைக்கப்பட்டனர். மக்கல்தெனியவிற் கட்டப்பட்ட புதிய வீடுகள் அவர்களுக்குக் கிடைத்தது 2016 இலேயாகும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது பதுளை மாவட்டத்தில் மீண்டும் பல இடங்களில் மண் சரிந்தது. ஆகவே இது கடந்த காலத்தின் சிக்கல் மட்டுமன்று.

மூன்று நிகழ்ச்சிகளும் ஒரே நாளில் விழுந்தமை விதியன்று. ஆனால் அவை ஒரே வினாவைக் கேட்கின்றன. ஒரு மக்கட் கூட்டத்தைத் தொகையாக அறிவது வேறு, பெயராக அறிவது வேறு. முன்னையது ஆள்வோருக்குப் போதுமானதாயிருக்கலாம். வரலாறு பயில்வோருக்கு அது போதாது. பதுளையில் வளர்ந்த தெளிவத்தை ஜோசப் 1979 இல் வெளியிட்ட சிறுகதைத் தொகுதிக்கு ‘நாமிருக்கும் நாடே’ எனப் பெயரிட்டார். இலக்கியம் அன்றே தொடங்கிய பணியை வரலாற்றுத்துறை இன்னும் முழுமையாக மேற்கொள்ளவில்லை.

பல்கலைக்கழக மாணவராகிய நாம் செய்யக்கூடியது சிறிதே, ஆயினும் உண்டு. தோட்டத்துப் பழைய செக்ரோல் ஏடுகள், பிறப்பு இறப்புப் பதிவுகள், கோயிற் கணக்குகள், பாடசாலை வரவேடுகள், இந்தியா சென்ற உறவினர் எழுதிய கடிதங்கள் ஆகியன இன்றும் ஆங்காங்கே கிடக்கின்றன. கறையானும் ஈரமும் அவற்றைத் தின்றுகொண்டிருக்கின்றன. ஒப்பாரிக் கோச்சியில் ஏறியோரையும், நடைமேடையில் நின்றோரையும் அறிந்த முதியோர் இன்னும் சிலர் உள்ளனர். விடுமுறைக்கு ஊர் செல்லும் மலைநாட்டு மாணவர் ஒவ்வொருவரும் ஒரு தோட்டத்தின், ஒரு லயனின் பெயர்களையேனும் எழுதிவருவாராயின், அடுத்த தலைமுறை வரைந்துகொள்ளும் ஒக்டோபர் 30 இன் பட்டியலில் இலக்கங்களோடு பெயர்களும் இடம்பெறும்.