பர்மாத் தேக்கில் ஒரு மேசை

‘மேசை’ போர்ச்சுகீசியர் நமக்குக் கொடுத்த சொல். அதே போர்ச்சுகீசியர் மலையாளக் கரையில் கேட்ட ‘தேக்கு’ என்ற சொல்லை ‘தேக்கா’ என்று எடுத்துப் போனார்கள். ஆங்கிலத்தில் அது ‘டீக்’ ஆயிற்று. சொற்களின் மட்டத்தில் கொடுக்கல் வாங்கல் நேராகிவிட்டது. மரத்தின் கணக்கு அப்படி நேராகவில்லை. இங்கே வளர்கிற, இங்கத்திய பெயராலேயே உலகம் அறிந்த மரத்தை, ‘பர்மா’ என்ற அடைமொழி சேர்ந்தால்தான் நாம் மதிக்கிறோம். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் பிரிக்கப்பட்ட செட்டிநாட்டு வீடுகளின் தூண்களும் நிலைகளும் கதவுகளும் விற்பனைக்கு வருகின்றன. முழுத் தூணை நிறுத்த இடமில்லாதவர்கள் ஒரு துண்டை வாங்கிப்போய்ச் சிறு மேசையாக்கிக்கொள்கிறார்கள். இது ரசனையின் விஷயமாக மட்டுமே பேசப்படுகிறது, சரித்திரம் பேசப்படுவதில்லை.

மலபார்த் தேக்கைக் கப்பல்கள் தின்றன. பம்பாய்த் துறையில் அந்த மரத்தால் கட்டி 1817இல் கடலில் இறக்கிய ‘ட்ரிங்கோமலி’ என்ற போர்க்கப்பல் இங்கிலாந்தின் ஹார்ட்லிபூலில் இன்றும் மிதக்கிறது. காடு அந்தளவு மிதக்கவில்லை. 1840களில் கலெக்டர் கானலியும் சாத்து மேனனும் நிலம்பூரில் தேக்கை நட்டு வளர்க்கத் தொடங்க வேண்டியதாயிற்று. நட்ட தேக்கு முற்ற ஒரு தலைமுறை போதாது. சாம்ராஜ்யங்களுக்கு அந்தப் பொறுமை கிடையாது. 1852 யுத்தத்தில் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் கைக்கு வந்தது. 1863இல் பம்பாய் பர்மா வர்த்தகக் கம்பெனி பிறந்தது. மன்னர் தீபாவின் அரசு, கணக்கில் காட்டாமல் மரம் வெட்டியதாக அந்தக் கம்பெனிக்கு அபராதம் விதித்தது. 1885 நவம்பரில் படை வந்தது. மன்னர் ரத்தினகிரிக்கு அனுப்பப்பட்டார். யுத்தத்துக்கு வேறு காரணங்களும் உண்டு, பிரெஞ்சுக்காரர் பற்றிய பயம் உட்பட. ஆனால் சாக்கு மரம்தான்.

பர்மாவில் தேக்கை வெட்டிய முறையைத் தெரிந்துகொள்வது நல்லது. பச்சைத் தேக்கு தண்ணீரில் மூழ்கும். ஆகவே மரத்தின் அடியைச் சுற்றிப் பட்டையையும் வெளிமரத்தையும் வைரம் வரை வளையமாக வெட்டி விட்டுவிடுவார்கள். மரம் நின்றபடியே சாகும். இரண்டு மூன்று வருஷம் நின்றபடியே காயும். பிறகு வீழ்த்தி, யானைகளைக் கொண்டு ஓடைக்கு இழுப்பார்கள். மழைவெள்ளம் வந்தால் போகும், வராவிட்டால் அடுத்த மழைக்குக் கிடக்கும். பேராற்றில் தெப்பமாகக் கட்டி ரங்கூனுக்கு. காட்டில் செத்த மரம் துறைமுகம் சேரச் சில வருஷங்கள் ஆவது சாதாரணம். இன்று தச்சர்கள் புகழ்கிற அந்தப் பதம், முறுக்கிக்கொள்ளாத நிதானம், இந்தத் தாமதத்தில் தொடங்கியது. பின்னால் ஒரு நூற்றாண்டு வீட்டு நிழல் அதைப் பூர்த்தி செய்தது.

‘செட்டியார்கள் பர்மாவிலிருந்து கொண்டுவந்தது’ என்று ஒரே வாக்கியத்தில் இதை முடித்துவிடுகிறோம். காட்டை ஆண்டவர்கள் பிரதானமாக ஐரோப்பியக் கம்பெனிகள். நகரத்தார் பணம் ஐராவதி டெல்டாவின் நெல் வயலில் இருந்தது. வயலை ஈடாக வைத்த விவசாயிக்குக் கொடுத்த கடனில் இருந்தது. வட்டி நெல்லில் விளைந்தது, மரம் அந்த வட்டியில் வாங்கியது. 1930களின் மந்தத்தில் நெல் விலை விழுந்தபோது கடன்காரனிடம் நிலம் தவிர வேறொன்றும் இல்லை. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் 6 சதவீதமாக இருந்த செட்டியார் நிலம் 1938இல் 25 சதவீதமாயிற்று. அவர்கள் தேடிப்போன நிலம் அல்ல அது, வாஸ்தவம். பணமாகத் திரும்பியிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்கள். நிலத்தை இழந்தவனுக்கு இந்த நுட்பம் ஆறுதல் தராது. 1942இல் ஜப்பானியர் வந்தார்கள். லட்சக்கணக்கான இந்தியர் கடல்வழியாகவும் மலைவழியாகவும் ஓடினார்கள். சுதந்திர பர்மா நிலத்தை அரசுடைமையாக்கியது. 1962க்குப் பின் நே வின் ஆட்சி வங்கிகளையும் கடைகளையும் எடுத்துக்கொண்டது. இக்கரையில் மிஞ்சியவை வீடுகள். ஒரு வீட்டுக்குப் பங்காளிகள் பலர். ஓடு மாற்றுவதற்கு ஒருமித்த சம்மதம் கிடைப்பதில்லை, பிரித்து விற்பதற்குக் கிடைத்துவிடுகிறது. மியான்மர் 2014இல் உருட்டு மர ஏற்றுமதியைத் தடை செய்தது, 2021 ராணுவப் புரட்சிக்குப் பின் அமெரிக்காவும் ஐரோப்பாவும் அந்நாட்டு அரசு மர நிறுவனத்தின்மீது தடை விதித்தன. பழைய மரத்தின் மவுசு கூடியதில் ஆச்சரியமில்லை.

தச்சர் இந்த மரத்திடம் முதலில் செய்வது ஆணி தேடுவது. ஒளிந்திருக்கும் ஒரு பழைய ஆணி ரம்பத்தின் பல்லைத் தின்றுவிடும். ஆணி இல்லாவிட்டாலும் தேக்கில் மணற்சத்து உண்டு. இழைப்புளியை அடிக்கடி தீட்டியாக வேண்டும். கறுத்த மேல்தோல் சுருளாகக் கழன்றதும் உள்ளே பொன்னிறம், தோல் பதனிட்ட மாதிரி ஒரு வாசனை. எண்ணெய்ப் பிசுக்குள்ள மரம் என்பதால் பசையை மட்டும் நம்ப முடியாது, துளையும் கழுந்துமாக இறுக்க வேண்டும். இங்கேதான் தச்சருக்கும் மேசை கேட்டவருக்கும் தகராறு வருகிறது. உத்திரத்தில் ஏற்கெனவே பழைய துளைகள் இருக்கின்றன, வீட்டின் குறுக்குச் சட்டங்கள் வந்து செருகிய இடங்கள். தச்சர் அவற்றை அதே மரத்துண்டால் அடைக்கப் பார்க்கிறார்; அது அவர் தொழிலின் மானம். கேட்டவருக்கு ஓட்டை வெளியே தெரிய வேண்டும், வருகிறவர்கள் அதைப் பற்றி விசாரிக்க வேண்டும். நான் தச்சர் பக்கம். ஆனால் இருவருமே தவிர்க்க முடியாத ஒன்று உண்டு. பலகையில் பழுதில்லாமல் கிடைப்பது ஒரு துளைக்கும் அடுத்த துளைக்கும் நடுவிலுள்ள இரண்டடி, இரண்டரையடி. மேசை சிறியதாக இருப்பது அதனால்தான்.