உப்பு மண்ணும் உருக்குக் குழாயும்: புத்தளக் கரையோரத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

புத்தளக் களப்பின் கரையோரத்தில் உப்பு நெடுங்காலமாகச் செல்வமென மதிக்கப்பட்டு வந்துள்ளது. பாலாவிப் பகுதியின் உப்பளங்கள் அதற்குச் சான்று. ஆயின் பாத்தியில் விளையும் அதே உப்பு, மண்ணுட் புகுந்து இரும்பைத் தின்னும் பகையாகவும் அமைகின்றது. 1926ஆம் ஆண்டிற் புகையிரதம் புத்தளத்தை அடைந்தது. 2011இல் நுரைச்சோலையில் நிலக்கரி மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. இக்கரையில் இரும்பும் உருக்கும் இவ்வாறே பெருகின. கிணறுகள் உவர்ப்படையும் இவ்வறண்ட பகுதியிற் குடிநீரைத் தொலைவிலிருந்து குழாய்வழியே கொணர வேண்டிய தேவையும் உண்டு. ஆகவே மண்ணுள் மறைந்து கிடக்கும் குழாயின் ஆயுள் ஊர்மக்களின் வாழ்வோடு நேரே தொடர்புடையது.

இப்பகையை வெல்லும் வழி முதலிற் கடலிலேயே தேடப்பட்டது. ஆங்கிலேயக் கடற்படைக் கப்பல்களின் அடிப்பாகத்தைப் போர்த்திய செப்புத் தகடுகள் அரிப்புற்றமை கண்ட ஹம்பிரி டேவி, அவற்றோடு நாகத்தையோ வார்ப்பிரும்பையோ பொருத்தினால் அவை தாம் கரைந்து செம்பைக் காக்கும் என 1824இல் எடுத்துரைத்தார். (அவருடைய தம்பி ஜோன் டேவி 1816 முதல் 1820 வரை இலங்கையிற் படை மருத்துவராக இருந்து, இந்நாட்டின் உட்பகுதி பற்றி 1821இல் நூல் வெளியிட்டவர் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது.) செம்பு காக்கப்பட்டது உண்மையே. ஆனால் செம்பு கரையாது போகவே, உயிரினங்களை விரட்டிய அதன் நச்சுத்தன்மையும் அற்றுப்போயிற்று. பாசியும் சிப்பியும் ஒட்டிக் கப்பலின் விரைவு குன்றியது. கடற்படை அம்முறையைக் கைவிட்டது. கோட்பாட்டிற் பிழையில்லை, பயன்படுத்திய இடந்தான் பொருந்தவில்லை எனலாம்.

மண்ணுக்கு அக்கோட்பாடு வந்துசேர ஏறக்குறைய நூறாண்டு சென்றது. ஐக்கிய அமெரிக்காவில் நிலத்தடிக் குழாய்களைத் துளைப்பது டிராம் வண்டிப் பாதைகளிலிருந்து கசியும் மின்னோட்டமே எனத் தொடக்கத்திற் கருதப்பட்டது. அந்நாட்டுத் தேசிய நியமங்கள் பணியகம் 1922 முதல் பல்வகை மண்களிற் குழாய்த் துண்டுகளைப் புதைத்து ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தபோது, அத்தகைய மின்னோட்டம் இல்லாத இடங்களிலும் அரிப்பு நிகழ்ந்தது. மண்ணும் குழாயும் சேர்ந்து தாமே ஒரு மின்கலமாகத் தொழிற்படுகின்றன என்பது தெளிவாயிற்று. ஒட்சிசன் மிகுந்த மண்ணிலுள்ள உருக்கு கதோட்டாகவும், ஒட்சிசன் குறைந்த மண்ணிலுள்ளது அனோட்டாகவும் அமைய, அனோட்டு கரைகின்றது. 1928இல் சதுப்பு நிலம் சூழ்ந்த நியூ ஓர்லியன்ஸ் நகரில் றொபேட் கூன் என்பார், வெளியிலிருந்து மின்னோட்டத்தைச் செலுத்தி எரிவாயுக் குழாய் முழுவதையும் கதோட்டாக்கினார். செப்புச் சல்பேற்று மின்வாயைச் சார்ந்து −0.85 உவோல்ற்று என்ற அளவு அவர் வழிவந்ததே. 1934இல் ஒல்லாந்து ஆய்வாளர் இருவர், காற்றுப் புகாத சேற்றிலும் சல்பேற்றைத் தாழ்த்தும் பற்றீரியங்களால் இரும்பு அரிவதை விளக்கினர்.

இவ்வறிவு முழுவதும் புத்தளக் கரைக்குப் பொருந்துவது வியப்பன்று. கோடைக் காலத்திற் களப்பின் சில பகுதிகள் கடலினும் உவர்ப்பு மிகுந்தவை; கண்டல்களின் அடியில் காற்றற்ற கருஞ்சேறு உண்டு; கற்பிட்டிக் குடாநாட்டிலோ காற்றோட்டமுள்ள மணல். வறண்ட மணல் தனித்து நின்றால் பெருந்தீங்கு செய்யாது. மணலிலிருந்து சேற்றுக்கு இறங்கும் குழாயே இடர்ப்படுவது; சேற்றிலுள்ள பகுதி மணலிலுள்ள பகுதிக்காகக் கரைகின்றது. தார்ப்பூச்சு மட்டும் போதும் என்ற எண்ணம் பலரிடம் உண்டு. பூச்சில் விழும் சிறு கீறலில் அரிப்பு முழுவதும் குவியுமாதலின் அது பாதுகாப்பான எண்ணமன்று.

பிளாத்திக்குக் குழாய்கள் இத்துன்பத்தைப் பெரிதும் குறைத்துள்ளன. எனினும் உயரழுத்தம் தாங்க வேண்டிய இடங்களிலும் பாலங்களைக் கடக்கும் இடங்களிலும் உருக்கே நாடப்படுகின்றது. அங்கு மின்னை எளிதிற் கடத்தும் களப்புச் சேற்றுக்கு நாகமும், மின்தடை மிகுந்த மணலுக்கு மகனீசியமும் ஏற்றவை. குழாயைக் காக்கக் கரையும் அக்கட்டிகள் ஒருநாள் தீர்ந்துபோவன. அவை புதைக்கப்பட்ட இடத்தையும் ஆண்டையும் குறித்த ஏடு இல்லையேல், குழாய் ஒழுகும்வரை அவற்றைத் தேடுவார் இரார்.