அண்ணாவியார் சொல்லும் ஊர் வழக்கும்

கிழக்கிலங்கைக் கூத்தில் ஆட்டம், பாட்டு, மத்தளம் மூன்றுக்கும் பொறுப்பாளர் அண்ணாவியார். யாருக்கு எந்த வேடம் என்று தீர்மானிப்பவரும், மாதக்கணக்கில் பழக்குபவரும், அரங்கேற்ற இரவில் மத்தளத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு விடியும்வரை கூத்தை நடத்துபவரும் அவரே. இவ்வளவு அதிகாரம் ஓராளிடம் சேரும்போது பிணக்கும் கூடவே வரும். பழக்க வருபவர் அனுபவம் குறைந்த இளம் அண்ணாவியார் என்றால் அது இன்னும் விரைவாக வரும். அதைப் பேசித் தீர்ப்பதற்கான இடமும் காலமும் கூத்தின் ஒழுங்குக்குள்ளேயே இருந்தன.

திருகோணமலைத் துறைமுகத்துக்கு அப்பால், கொட்டியாரக் குடாவின் மறுகரையில் சேனையூர், சம்பூர், கட்டைபறிச்சான் போன்ற ஊர்கள் உள்ளன. இங்கிருந்து மட்டக்களப்பு வரை நீளும் கூத்து மரபில் வடமோடி, தென்மோடி என இரு வகை உண்டு. வடமோடி பெரும்பாலும் பாரத, இராமாயணப் போர்க்கதைகளை ஆடும். தென்மோடிக்கு அலங்காரரூபன் போன்ற கற்பனைக் கதைகள். இரண்டுக்கும் தாளக்கட்டு வேறு, உடுப்பு வேறு, பாடும் முறையும் வேறு. ஒன்றில் பழகியவர் மற்றதைப் பழக்கப் புகுந்து மோடியைக் கலந்துவிட்டார் என்பது அண்ணாவியார்மீது வைக்கப்படக்கூடிய பெரிய குற்றச்சாட்டு.

முதல் பிணக்கு வேடத்தில் தொடங்கும். நல்ல நாளில் நடக்கும் சட்டம் கொடுத்தலின்போது ஒவ்வொருவருக்கும் அவரவர் பாட்டும் வசனமும் எழுதிய பகுதி கையளிக்கப்படும். அதற்கு முன் அண்ணாவியார் குரலையும் உடற்கட்டையும் ஆடும் திறனையும் பார்த்து ஆளைத் தேர்வார். ஆனால் அரச வேடம் ஊரில் மதிப்பைத் தருவது; குடும்பமும் சாதியும் அதற்காகப் போட்டியிட்டன. வெளியூரிலிருந்து வந்த அண்ணாவியாரால் அதைத் தனியே சமாளிக்க முடியாது. அங்கே கூத்தை ஏற்பாடு செய்யும் மனேச்சரும் ஊர்ப் பெரியவர்களும் குறுக்கிட்டார்கள். தெரிவுக்கான காரணத்தை அண்ணாவியார் சொன்னார்; அதை ஊர் ஏற்கச் செய்வது மனேச்சரின் வேலையாக இருந்தது.

இரண்டாவது பிணக்கு சொல்லிலும் ஆட்டத்திலும் வரும். சொல்லுக்குத் தீர்ப்பு, கூத்தை எழுதிவைத்த ஏட்டில் இருந்தது. பிற்காலத்தில் ஏட்டின் இடத்தைக் கொப்பி பிடித்தது. ஏடு பார்ப்பவர் பக்கத்தில் இருப்பதால், பாட்டு வரியில் ஐயம் எழுந்தால் பார்த்துவிடலாம். ஆட்டத்துக்கு அப்படி எழுத்துச் சான்று கிடையாது. ஓர் அரசன் வரவில் ஆடி வந்து தாளத்தைத் தீர்க்கும் இடத்தில், கால் நின்ற பிறகும் மத்தளம் ஒலித்தால் பிழை யாருடையது? பழக்க இரவுகளில் கூத்தாடும் களரியைச் சுற்றி இருந்தவர்களில் அதே வேடத்தை முன்பு ஆடியவர்களும் உண்டு. அவர்கள் எழுந்து ஆடிக் காட்டினால் இளம் அண்ணாவியாரும் மத்தளத்தைத் திருத்திக்கொள்ள வாய்ப்புக் கிடைத்தது. அரங்கேற்றத்துக்கு முன் முழுக்கூத்தையும் ஒத்திகையாகப் பார்க்கும் அடுக்குப் பார்த்தல், எஞ்சிய குறைகளைச் சொல்லும் கடைசி வாய்ப்பு. அரங்கேற்ற இரவில் அண்ணாவியாரின் மத்தளமே முடிவு. ஆட்டத்தின் நடுவே அதை மறுத்தால் கூத்தே குலையும்.

ஆட்டத்தை நடத்துபவரின் தீர்ப்பை எப்படித் திருத்துவது என்ற இந்தச் சிக்கல் வேறு நாடுகளின் விளையாட்டுகளிலும் உண்டு. பிரஷ்யப் படையில் 1824 இல் ரைஸ்விட்ஸ் அறிமுகப்படுத்திய போர் விளையாட்டில் விதிநூலையும் தாயக்கட்டையையும் கொண்டு நடுவர் தீர்ப்புச் சொன்னார். 1876 இல் அதே படையின் வெர்டி டு வெர்னுவா விதிகளின் சுமையை விலக்கி, நடுவரின் அனுபவத்துக்கே தீர்ப்பை விட்டார். அனுபவமில்லாத நடுவர் அமர்ந்தால் அந்த முறை நிலைகுலையும். 1974 இல் வெளிவந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற, பாத்திரமேற்று ஆடும் விளையாட்டிலும் ஆட்டத்தை நடத்துபவருக்கும் ஆடுபவர்களுக்கும் இடையே இதே இழுபறி தொடர்கிறது. கூத்திலோ ஏடு, மனேச்சர், முன்பு ஆடியவர்கள் எனத் தீர்ப்புப் பலரிடம் பகிரப்பட்டிருந்தது. புதியவர் தவறினாலும் அவர் மதிப்புக் குலையாமல் திருத்த அது உதவியது.

1960களில் அண்ணாவியாருக்கும் கூத்தில் பங்குகொள்ளும் மற்றவர்களுக்கும் இடையிலான உறவு புதிய சோதனையைச் சந்தித்தது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962 இல் ‘கர்ணன் போர்’ கூத்தை மேடையேற்றினார். மாணவர்களைப் பழக்கியவர் வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார். விடிய விடிய ஆடிய கூத்து சில மணிநேரத்துக்குள் சுருங்கியது. நாற்புறமும் மக்கள் சூழ்ந்த வட்டக்களரி ஒருமுகப் படச்சட்ட மேடையானது. எதை வெட்டுவது, எதை விடுவது என்ற முடிவில் அண்ணாவியாருடன் தயாரிப்பாளரும் பங்காளியானார். ஆட்ட இலக்கணத்தை அறிந்தவரும் மேடையை அறிந்தவரும் ஒருவரையொருவர் கேட்டு நடந்ததால்தான் அந்த மாற்றம் கைகூடியது.

உள்நாட்டுப் போர் கூத்தின் இந்த ஒழுங்கின் அடித்தளத்தையே தாக்கியது. 2006 இல் சம்பூர் மக்கள் இடம்பெயர்ந்தார்கள். பலர் ஊர் திரும்பப் பத்து ஆண்டுகள்வரை ஆனது. முகாமில் மாதக்கணக்கில் கூத்துப் பழக்க முடியாது. முன்பு ஆடியவர் ஓரிடத்திலும் பழக வேண்டிய இளையவர் வேறிடத்திலும் இருந்தால், பிழையைச் சொல்லித் திருத்தும் சபையும் கலைந்துவிடும்.

2000களின் தொடக்கத்தில் மட்டக்களப்பு சீலாமுனையில் சி. ஜெயசங்கர் முன்னெடுத்த கூத்து மீளுருவாக்கம், கருத்து வேறுபாட்டையே வேலைமுறையின் பகுதியாக்கியது. அண்ணாவியாரும் ஆடுபவர்களும் ஊரவரும் கூடி இருந்து, பெண்ணையும் சாதியையும் கூத்து காட்டும் விதத்தை விவாதித்தார்கள். பேசி ஒத்துக்கொண்ட பிறகு பாட்டுகளை மாற்றி எழுதினார்கள். மட்டக்களப்பிலுள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் இன்று கூத்து பாடமாகவும் கற்பிக்கப்படுகிறது. இளம் அண்ணாவியார்கள் உருவாக வேண்டுமானால் மத்தளமும் ஏடும் மட்டும் போதாது. தவற்றை முகத்துக்கு நேரே, மரியாதையோடு, உரிய நேரத்தில் எடுத்துச்சொல்லும் ஊரும் வேண்டும்.