குதிரையை எழுதிய ஓவியர்

லண்டன் மாநகரின் தேசிய ஓவியக் கூடத்தில் ஒரு குதிரை நிற்கிறது. நிற்கிறது என்று சொல்வதும் முற்றும் பொருந்தாது. பின்னங்கால் இரண்டையும் ஊன்றி, முன்னங்கால்களை மடக்கி உயர்த்தி, இதோ பாயப் போகிறேன் என்னும் நிலையில் அது இருக்கிறது. ஏறத்தாழ ஒன்பதரை அடி உயரமும் எட்டடி அகலமும் கொண்ட துணியின்மேல், உயிருள்ள குதிரையின் அளவிலேயே எண்ணெய் வண்ணத்தால் தீட்டிய உருவம் அது. முதுகில் சேணம் இல்லை. வாயில் கடிவாளம் இல்லை. ஏறி அமர்ந்த மன்னனோ வீரனோ இல்லை. பின்னால் மலையும் மரமும் வானமும் கிடையா. வெளிறிய ஒரே நிறப் பரப்புத்தான் உண்டு. பின்னங்குளம்புகளின் அருகே விழும் சிறு நிழலே அங்குத் தரை இருப்பதை உணர்த்துகிறது. அதன் எதிரே நின்றபோது, தோலுக்கடியில் நரம்பு புடைத்து ஓடுவதையும் நம்மை நோக்கித் திரும்பிய அக்கண்ணையும் விட்டு என் பார்வை அகலவில்லை.

அக்குதிரையின் பெயர் விசில்ஜாக்கெட். ஜின் என்னும் மதுவில் வெல்லப்பாகு கலந்து சளிக்கு மருந்தாக அருந்தும் வழக்கம் அந்நாளில் இங்கிலாந்தில் இருந்தது. அம்மருந்தின் பெயரே செம்பழுப்பு நிறமுடைய இக்குதிரைக்கு வாய்த்தது என்பர். 1749இல் பிறந்த இது, கடோல்பின் அரேபியன் என்னும் புகழ்பெற்ற குதிரையின் பேரன். இன்று உலகெங்கும் ஓடும் உயர்சாதிப் பந்தயக் குதிரைகளின் தந்தைவழியை ஆராய்ந்து சென்றால் மூன்றே மூன்று கீழ்நாட்டுக் குதிரைகளில் போய் முடியும். அம்மூன்றனுள் ஒன்று கடோல்பின் அரேபியன். பேரனும் குலப்பெருமைக்குக் குறைவு வைக்கவில்லை. 1759இல் யார்க் நகரில் நான்கு மைல் தூரம் ஓடி, 2,000 கினி பந்தயப் பணத்தை வென்றது.

அதன் உடைமையாளர் ராக்கிங்காம் பிரபு. வரலாறு பயிலும் மாணவர்களுக்கு இப்பெயர் அறிமுகமானதாக இருக்கும். அமெரிக்கக் குடியேற்றங்களைக் கொதித்தெழச் செய்த முத்திரைத்தாள் வரிச் சட்டத்தை 1766இல் நீக்கியது இவருடைய அமைச்சரவைதான். பிரதமர் ஆவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், 1762ஆம் ஆண்டையொட்டி, தம் குதிரையை எழுதுமாறு ஜார்ஜ் ஸ்டப்ஸ் என்னும் ஓவியரை அவர் பணித்தார்.

இவ்வோவியத்தைப் பற்றி இரண்டு கதைகள் வழங்குகின்றன. முன்னின்ற குதிரை தன் உருவத்தைத் துணியில் கண்டு, வேறொரு குதிரை என்று எண்ணிச் சீறிப் பாய்ந்ததாகவும், ஓவியர் தம் கைக்கோலால் அதனை அடித்து விரட்டியதாகவும் ஒன்று. அரசர் மூன்றாம் ஜார்ஜ் அமர்வதற்காகவே குதிரையை முதலில் எழுதச் செய்தனர், பின்னர்ப் பிரபுவுக்கு அரசரிடம் மனம் கசந்தமையால் முதுகு வெறுமையாகவே நின்றுவிட்டது என்பது மற்றொன்று. முதற்கதை சுவையானது, அதனை அப்படியே விட்டுவிடலாம். இரண்டாவதை நான் ஏற்பதற்கில்லை. இதே பிரபுவுக்காக, இதே காலத்தில், பெண்குதிரைகளையும் குட்டிகளையும் வரிசையாக நிறுத்தி ஸ்டப்ஸ் எழுதிய வேறோர் ஓவியம் உண்டு. அதிலும் பின்புலம் இல்லை. விசில்ஜாக்கெட்டை வேறிரு குதிரைகளோடும் பணியாளர் ஒருவரோடும் காட்டும் ஓவியமும் அவ்வாறே. மூன்று படங்களும் முடியாமலா நின்றுபோயின? வெறும் பரப்பின்மேல் குதிரை மட்டுமே விளங்கவேண்டும் என்று ஓவியரும் பிரபுவும் விரும்பியே செய்தனர் என்று கொள்வதே பொருத்தம்.

அங்ஙனம் எழுதுவது எளிதன்று. பின்புலம் என்பது ஓவியனுக்கு ஒரு மறைப்பு. காலின் வளைவு பிழைத்தால் புல்லைக் கொண்டு மூடலாம். முதுகின் கோடு தடுமாறினால் மரக்கிளையைத் தாழ்த்தலாம். ஸ்டப்ஸ் அம்மறைப்பை வேண்டாம் என்று தள்ளினார். அந்தத் துணிவு அவருக்கு எங்கிருந்து வந்தது?

1724இல் லிவர்ப்பூலில், தோல் பதனிடுவோர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர் அவர். இளமையில் ஓர் ஓவியரிடம் பயிலச் சேர்ந்தார். பிறர் எழுதிய படங்களைப் பார்த்து எழுதுவதே அங்கு வேலை. தாம் விரும்பிய படத்தை எழுத ஆசிரியர் இசையாமற் போகவே, இனி எவர் படத்தையும் பார்த்தெழுதேன், இயற்கையையே பார்த்தெழுதுவேன் என்று சொல்லி வெளியேறினார். அதன்பின் யார்க் நகரில் உடற்கூற்றியல் பயின்றார். பேறுகால மருத்துவம் பற்றி 1751இல் வெளியான நூலொன்றுக்குப் படம் செதுக்கும் பணி வந்தபோது, செதுக்கும் கலையைத் தாமே முயன்று கற்றுக்கொண்டார்.

பின்னர் 1756ஆம் ஆண்டளவில், லிங்கன்ஷயர் பகுதியைச் சேர்ந்த ஹார்க்ஸ்டோ என்னும் சிற்றூரில் ஒரு பண்ணைவீட்டை அமர்த்திக்கொண்டார். அங்கே பதினெட்டு மாதங்கள் அவர் செய்த வேலையை அருவருப்பின்றிக் கேட்பது கடினம். ஆயினும் அதனைக் கேளாமல் விசில்ஜாக்கெட்டை அறிய இயலாது. குதிரையின் கழுத்து நாளத்தை அறுத்துக் குருதியை வடியச் செய்வார். நாளங்கள் சுருங்கி உருக்குலையாதபடி உருக்கிய கொழுப்பை அவற்றுள் செலுத்துவார். கூரையிலிருந்து இரும்புச் சட்டத்தையும் கொக்கிகளையும் தொங்கவிட்டு, உயிரோடு நடப்பதுபோலவே உடலை நிறுத்துவார். குளம்புகளின்கீழ் ஒரு பலகை இருக்கும். பிறகு தோலை உரித்து, தசையை அடுக்கடுக்காக நீக்கி, ஒவ்வோர் அடுக்கையும் அளந்து எழுதுவார். எலும்பு வெளிப்படும்வரை இவ்வேலை நடக்கும். ஒரே உடலை வாரக்கணக்கில் வைத்துக்கொண்டு உழைத்தார். அந்த நாற்றத்தையும் பளுவையும் அவரோடு பகிர்ந்துகொண்ட துணை மேரி ஸ்பென்சர் என்னும் பெண்மணி ஒருவரே. ஓவிய வரலாறுகள் அவரைப் பெரும்பாலும் ஒரே வரியில் கடந்துவிடுகின்றன.

எழுதிய படங்களை எடுத்துக்கொண்டு ஸ்டப்ஸ் லண்டன் சென்றார். செதுக்குநர் எவரும் அவற்றை ஏற்க முன்வரவில்லை. பகலில் கூலிக்கு ஓவியம் எழுதிக்கொண்டே, அதிகாலையிலும் இரவிலும் செப்புத் தகடுகளைத் தாமே செதுக்கினார். இவ்வாறு சில ஆண்டுகள் உழைத்து, 1766இல் ‘குதிரையின் உடற்கூறு’ என்னும் நூலை வெளியிட்டார். அது கலைஞர்களுக்கு மட்டுமன்றிக் கால்நடை மருத்துவத்துக்கும் பயன்பட்டது. அந்த ஹார்க்ஸ்டோ வரைபடங்களுள் நாற்பத்திரண்டு லண்டன் அரச கலைக்கழகத்தில் பாதுகாக்கப்பட்டுள்ளன. விசில்ஜாக்கெட்டை எழுதிய காலத்தில் அவர் இந்தச் செதுக்கு வேலையின் நடுவில் இருந்தார் என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

நம் சென்னைக்கும் அவருக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1755 முதல் 1763 வரை சென்னையின் கவர்னராக இருந்தவர் ஜார்ஜ் பிகட். பிற்காலத்தில் மீண்டும் அப்பதவிக்கு வந்து, தம் ஆலோசனைச் சபையினராலேயே 1776இல் சிறைப்பிடிக்கப்பட்டு, மறு ஆண்டு காவலிலேயே உயிர்நீத்தவரும் இவரே. முதன்முறை ஊர் திரும்பியபோது இவர் இந்தியாவிலிருந்து கொண்டுசென்ற சிவிங்கி ஒன்றை அரசருக்குக் காணிக்கையாக்கினார். 1764இல் அதனை ஒரு கலைமான்மேல் ஏவிப் பார்த்தனர். மானோ சிவிங்கியை எதிர்த்து விரட்டிவிட்டது! அச்சிவிங்கியையும் அதனைப் பேணிய இந்தியப் பணியாளர் இருவரையும் ஸ்டப்ஸ் எழுதினார். மான்செஸ்டர் ஓவியக் கூடத்தில் உள்ள அப்படத்தில் அவ்விருவரின் முகங்களும், கேலியோ மிகையோ இல்லாமல், தனித்தனி மனிதர்களின் முகங்களாகவே அமைந்துள்ளன. குதிரையைப் பார்த்த அதே கண்தான் அவர்களையும் பார்த்திருக்கிறது.

எனினும் அக்கண்ணுக்கும் ஓர் எல்லை இருந்தது. நாலுகால் பாய்ச்சலில் ஓடும் குதிரையை, முன்கால்களை முன்னும் பின்கால்களை பின்னுமாக நீட்டி அந்தரத்தில் பறப்பதுபோல் எழுதுவது அக்கால வழக்கம். ஸ்டப்ஸும் பந்தயக் குதிரைகளை அவ்வாறு எழுதியதுண்டு. 1878இல் கலிபோர்னியாவில் மைபிரிட்ஜ் என்பவர் அடுத்தடுத்து எடுத்த புகைப்படங்கள் உண்மையைக் காட்டின. நான்கு குளம்புகளும் தரையைவிட்டு எழும்புவது கால்கள் வயிற்றின்கீழ் ஒன்றுகூடும்போதுதானே அன்றி, அவை விரிந்திருக்கும்போது அன்று. எலும்பையும் தசையையும் கத்தியால் கண்டறியலாம். ஓட்டத்தின் கணத்தைக் கண்டறிய வேறொரு கருவி வேண்டியிருந்தது.

அவர் வாழ்ந்த காலத்தில் புராண, வரலாற்றுக் காட்சிகளை எழுதுபவரே தலைசிறந்த ஓவியர். விலங்கை எழுதுபவர் கடைப்படியில் நின்றார். ‘குதிரை ஓவியர்’ என்ற அடைமொழி ஸ்டப்ஸை இறுதிவரை உறுத்தியது. அரச கலைக்கழகம் 1781இல் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தும், விதிப்படி ஓவியம் ஒன்றை அளிக்க அவர் மறுத்தமையால் பட்டயம் கிட்டவில்லை. விசில்ஜாக்கெட்டோ பிரபுவின் வழியினரிடமே தலைமுறை தலைமுறையாக இருந்துவந்தது. 1997இல் தேசிய ஓவியக் கூடம் அதனை ஒரு கோடியே பத்து இலட்சம் பவுன் கொடுத்து வாங்கியது.

ஸ்டப்ஸ் தம் எழுபதாம் வயதைக் கடந்தபின் மீண்டும் கத்தியைக் கையில் எடுத்தார். மனிதன், புலி, கோழி ஆகிய மூன்றின் உடலமைப்பையும் ஒப்பிட்டுக் காட்டும் நூல் ஒன்றை 1795இல் தொடங்கினார். 1806ஆம் ஆண்டு ஜூலை மாதம் 10ஆம் நாள் இறந்தபோது, அவருக்கு வயது எண்பத்தொன்று; அந்நூல் முடியவில்லை.