பேட்டைகள் வளர்த்த கூட்டம்: பெங்களூருக் கால்பந்துப் பார்வையாளர் வரலாறு

பெங்களூருக் கால்பந்தாட்டத்தின் வரலாறு பெரும்பாலும் அணிகள் வென்ற கோப்பைகளையும் வீரர்களின் பெயர்களையும் கொண்டே எழுதப்பட்டுவந்துள்ளது. ஆட்டத்தைக் காணத் திரண்ட மக்களைப் பற்றிய செய்திகள் அதில் குறைவு. யார் வந்தனர், எதனால் வந்தனர், எப்போது வரவை நிறுத்தினர் என்ற கேள்விகளோடு அவ்வரலாற்றை அணுகினால்தான், இன்று கீழ்ப்பிரிவுக் கழகங்கள் வெற்று இருக்கைகளின் முன் ஆடுவதன் காரணம் விளங்கும்.

1809ஆம் ஆண்டு ஆங்கிலேயர் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து தம் படையைப் பெங்களூருக்கு மாற்றி, பழைய பேட்டைக்குக் கிழக்கே கன்டோன்மென்ட் என்னும் படைக்குடியிருப்பை அமைத்தனர். மக்கள் வழக்கில் ‘தண்டு’ எனப்பட்ட அப்பகுதிக்குப் படைவீரர்களாகவும் கட்டடத் தொழிலாளர்களாகவும் பணியாளர்களாகவும் தமிழர்கள் பெருமளவில் குடியேறினர். அல்சூர், மர்பி டவுன், ஆஸ்டின் டவுன் ஆகிய குடியிருப்புகளின் இளைஞர்கள், வெள்ளையர் படைப்பிரிவுகள் ஆடிய ஆட்டத்தைப் பார்த்துப் பழகி, வெறுங்காலுடன் தாமும் ஆடத் தொடங்கினர்.

இவ்வாறு வேரூன்றிய ஆட்டத்தின் முதல் பெரும்பயன் 1937இல் வெளிப்பட்டது. 1891இல் பம்பாயில் தொடங்கிய ரோவர்ஸ் கோப்பை அதுவரை ஆங்கிலேயப் படையணிகளின் கைகளிலேயே இருந்துவந்தது. அதை வென்ற முதல் இந்திய அணி பெங்களூர் முஸ்லிம்ஸ் என்னும் கழகமாகும். அக்கழகம் மறு ஆண்டும் அக்கோப்பையைத் தக்கவைத்துக்கொண்டது. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராக இந்தியாவின் ஒரே கோலை அடித்த சாரங்கபாணி ராமனும், அதே அணியில் ஆடிய அகமது கானும் பெங்களூரு வீரர்களே. பின்னாளில் கர்நாடகம் எனப்பட்ட மைசூர் மாநிலத்தின் அணி, மாநிலங்களுக்கிடையிலான சந்தோஷ் கோப்பையை 1946–47, 1952–53, 1967–68, 1968–69 என நான்கு முறை வென்றது.

இவ்வெற்றிகளுக்குப் பின்னிருந்த சமூகப் பிணைப்பைக் காண அல்சூரை அடுத்த கௌதமபுரம் சிறந்த சான்றாகும். தமிழ் பேசும் உழைக்கும் மக்கள் நெருங்கி வாழும் இப்பகுதியில், புத்தர், அம்பேத்கர், அன்னை தெரசா ஆகியோரின் சிலைகளோடு பிரேசில் வீரர் பெலேவுக்கும் சிலை நிறுவப்பட்டுள்ளது. ‘மினி பிரேசில்’ என்ற பெயரும் இதற்கு வழங்குகிறது. இத்தகைய பேட்டையில் ஆட்டக்காரன் என்பவன் அடுத்த தெருப் பிள்ளை. அவன் களமிறங்கும் நாளில் அவனுடைய உறவினரும் நண்பரும் அண்டைவீட்டாரும் மைதானத்துக்குச் செல்வதற்குத் தனி அழைப்பு தேவைப்படவில்லை. ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ், ஐ.டி.ஐ. எனப்படும் தொலைபேசித் தொழிற்சாலை ஆகிய பொதுத்துறை நிறுவனங்களின் அணிகளும் இதே வகையில், சக தொழிலாளர்களையே தம் முதல் ரசிகர்களாகக் கொண்டிருந்தன.

இப்பிணைப்பு படிப்படியாகத் தளர்ந்தது. அகமது கான் ஈஸ்ட் பெங்கால் கழகத்துக்கும், 1962 ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியிலிருந்த அருமைநாயகம் மோகன் பகான் கழகத்துக்கும் சென்றதைப்போல, சிறந்த வீரர்கள் கல்கத்தாவை நாடினர். தொலைக்காட்சி பரவிய 1980களில், 1983 உலகக் கோப்பை வெற்றியின் வேகத்தில் கிரிக்கெட் மக்களின் மனத்தை ஆட்கொண்டது. பொதுத்துறை நிறுவனங்கள் விளையாட்டுக்காக ஆளெடுப்பதைக் குறைத்தன; தேசிய லீக்கான ஐ-லீக்கில் ஆடிவந்த ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் அணியும் 2011–12 பருவத்தின் முடிவில் கீழிறக்கப்பட்டது.

இந்நிலையில் 2013 ஜூலை 20 அன்று அசோக் நகரிலுள்ள பெங்களூருக் கால்பந்து மைதானத்தில் பெங்களூரு எஃப்.சி. என்ற புதிய கழகத்தின் பெயரும் சின்னமும் அறிவிக்கப்பட்டன. அம்மைதானத்தின் மேற்குப் பகுதியில் நின்று ஆட்டம் முழுவதும் பாடி ஆர்ப்பரித்த ரசிகர்கள், அவ்விடத்தின் பெயராலேயே ‘வெஸ்ட் பிளாக் புளூஸ்’ என்று தம்மை அழைத்துக்கொண்டு தனிக் குழுவாயினர். முதல் பருவத்திலேயே ஐ-லீக் பட்டம் வென்ற கழகம் 2014இல் கண்டீரவா மைதானத்துக்கு மாறியபோது அக்குழுவும் உடன் சென்றது. 2016 அக்டோபரில் ஏ.எஃப்.சி. கோப்பை அரையிறுதியில் மலேசியாவின் ஜொகூர் அணி அங்கு 3–1 என வீழ்த்தப்பட்டது. வெற்றி கூட்டத்தைப் பெருக்கியது என்பது மெய்யே. எனினும் வெற்றி மட்டும் போதாது என்பதற்கு 2018 ஜூன் மாதம் சான்றாகிறது. மும்பையில் சீன தைபே அணியை இந்தியா 5–0 என வென்ற ஆட்டத்துக்கு 2,569 பேரே வந்திருந்தனர்; பெங்களூரு எஃப்.சி. அணித்தலைவர் சுனில் சேத்ரி, திட்டுவதற்காகவேனும் மைதானத்துக்கு வாருங்கள் என்று காணொளியில் வேண்டிக்கொண்ட பின், அடுத்த ஆட்டத்துக்கான சீட்டுகள் அனைத்தும் விற்றுத்தீர்ந்தன.

ஆயினும் இம்மறுமலர்ச்சி ஒரு கழகத்தோடு நின்றுவிட்டது. சூப்பர் டிவிஷன் முதலாகப் பல படிகளாக அமைந்த நகர லீக்கின் ஆட்டங்கள் பெரும்பாலும் வேலைநாட்களின் பிற்பகலில், ஒரே மைதானத்தில் நடைபெறுவதால், தம் பிள்ளை ஆடுவதைக்கூடக் காண முடியாத நிலையில் பேட்டை மக்கள் உள்ளனர். 54 ஆண்டுகளுக்குப் பின் 2023 மார்ச்சில் கர்நாடகம் சந்தோஷ் கோப்பையை மீண்டும் வென்றதும், எஸ்.சி. பெங்களூரு என்ற கழகம், மறு ஆண்டே கீழிறங்கியபோதிலும், 2024இல் ஐ-லீக்குக்கு உயர்ந்ததும், இந்நகரில் திறமைக்குக் குறைவில்லை என்பதைக் காட்டுகின்றன. பெங்களூருவில் கூட்டம் விளம்பரத்தால் மட்டும் திரண்டதில்லை. கழகம் தமக்குரியது என்று ஒரு தெருவோ தொழிற்சாலையோ ரசிகர் குழுவோ கருதியபோதே திரண்டது. ஆகவே கீழ்ப்பிரிவுக் கழகங்கள் ஆட்டங்களை மாலையிலும் விடுமுறை நாட்களிலும் அமைத்து, தம் வீரர்கள் வளர்ந்த பேட்டைகளில் பயிற்சியும் ஆட்டமும் நடத்தி, அங்குள்ள மக்களைக் கழகத்தின் உறுப்பினராக்குவதே அந்த வரலாறு காட்டும் வழியாகும்.